பற்றவைத்த வளையம்

அடக்கப் பூசையில் பங்குத்தந்தை அம்மாவை "அமைதியின் வடிவம்" என்றார்.

கோயில் முழுக்க ஒரே நேரத்தில் தலை குனிந்தது. துக்கம் என்று நினைத்திருப்பார், பாவம். அவர் இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் பெஞ்சில், பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த மகள் மட்டும் தலை குனியவில்லை. பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டுவிட்டும் அம்மா சும்மா படுத்திருக்கிறாள் என்றால், உண்மையிலேயே இறந்துதான் போயிருக்கிறாள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

பங்கில் அம்மாவுக்குப் பெயர் தபாலம்மா. தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு கவுண்டருக்குத்தான், அவளுக்கு இல்லை. அவள் எங்கே போய் நின்றாலும் அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கவுண்டர் முளைத்துவிடும், எதிரில் இருப்பவர்கள் தானாக வரிசையாகிவிடுவார்கள். எதையாவது சொல்லி முடித்ததும் வலது முஷ்டியால் பக்கத்தில் இருப்பதன்மேல் ஒரு குத்து குத்துவாள். சாப்பாட்டு மேசை, பெஞ்சின் முதுகு, சில நேரம் மகளின் தோள். முத்திரை விழுந்துவிட்டால் அந்த விஷயம் முடிந்தது.

பாவசங்கீர்த்தன வரிசையில்கூட அவளால் சும்மா நிற்க முடிந்ததில்லை. முன்னால் ஒருவர் உள்ளே போய் நேரமாகிவிட்டால், திரைப்பக்கம் எட்டிப் பார்த்துச் சொல்வாள்: "சுருக்கமா சொல்லுங்க. பின்னாடி ஆளு நிக்குது." இதனாலேயே பங்கில் பாதிப் பேர் தங்கள் பாவங்களை மன்னிப்புக்குத் தக்கபடி வெட்டிச் சுருக்கி வைத்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் நிற்கிற நாளில் புதிய பாவம் எதையும் சொல்வதில்லை என்று ஒருவர் மகளிடமே சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவளுடைய காலம் என்றால் அது திருவருகைக்காலம்தான். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய அந்த நான்கு வாரங்களும் காத்திருப்பதற்கு என்று திருச்சபை சொல்கிறது. காத்திருப்பது பங்கில் ஒருவருக்கும் பிடிக்காது. நவம்பர் பாதியிலேயே பாடகர் குழு மாடியில் பிறப்புப் பாடல்களைத் தொடங்கிவிடும். இளைஞர் குழு வாசலில் நட்சத்திரம் கட்டும். அம்மாவோ, தேதிக்கு முன்னால் எதையும் பட்டுவாடா செய்யக் கூடாது என்ற சட்டத்தில் வளர்ந்தவள். ஒட்டடைக் குச்சியால் நட்சத்திரத்தை இறக்குவாள். முட்டி வலியோடு மாடிப்படி ஏறிப்போய் ஆர்மோனியத்தின்மேல் கையை வைப்பாள். "பிள்ளை இன்னும் பொறக்கவே இல்ல. அதுக்குள்ள தாலாட்டா?"

அந்தக் காலத்துக்கென்று கோயிலில் வைப்பது ஒரு வளையம். பச்சை இலை சுற்றி, நான்கு மெழுகுத்திரி நட்டு, பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசைமேல் படுக்கையாக வைப்பார்கள். மூன்று திரி ஊதா, ஒன்று ரோஜா நிறம். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற வேண்டும். கோயில் பேச்சில் அதை மலர்வளையம் என்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பேச்சு ஆகாது.

"இதுல மலர் எங்க இருக்கு? மலர்வளையம்னா செத்தவங்களுக்கு வெக்கிறது. இது வளையம். அவ்வளவுதான்." குத்து.

அந்த வளையம் மகள் செய்தது. தொழிற்கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், வகுப்பில் மிஞ்சிய இரும்புக் கம்பியை வளைத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பற்றவைத்து, திரி நிற்க நான்கு குழாய்த் துண்டுகளை ஒட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வட்டம் என்று சொல்ல முடியாது. முட்டை என்றும் சொல்ல முடியாது. முனைகள் சேர்ந்த இடத்தில் உலோகம் மெழுகு ஒழுகியதுபோலக் கட்டிதட்டி, நடுவில் துளை துளையாக இருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிக்குமா?" என்று மட்டும் கேட்டாள். நிற்கும் என்றாள் மகள். அந்த வருடத்திலிருந்து கோயிலில் அதுதான்.

இப்போது மகளுக்கு வேலையே பற்றவைப்புப் பரிசோதனை. கொதிகலன், எரிவாயுக் குழாய் எல்லாவற்றிலும் மூட்டுகளை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, விரிசல் இருந்தால் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளுபடி செய்ய வேண்டும். பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. சரி, தள்ளுபடி, இரண்டே வார்த்தை. அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள்: "பத்தவெச்சதுல குறை கண்டுபிடிக்கிறது அவ வேலை. பத்தவெக்கிறது என் வேலை." பங்கில் யாருக்கு யாரோடு சண்டை வந்தாலும், முதல் நெருப்பு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை என்பதால் எல்லோரும் சிரிப்பார்கள், கொஞ்சம் கவனமாக.

இலை எங்கிருந்து வருகிறது என்பது பங்கில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் மகள் நினைத்திருந்தாள். அவளுக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்திலிருந்து.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின், மண்மேல் சாத்திவிட்டுப் போகிற மலர்வளையங்களில் பூவுக்குப் பின்னால் நல்ல ஊசியிலைக் கொத்து இருக்கும், பெரணி இருக்கும். அம்மா கத்தரிக்கோலோடு போய் அதை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடுவாள். விஷயம் தெரிந்தபோது மகளுக்கு உடம்பு கூசியது.

"பூவைத் தொட மாட்டேன். அது அவங்களுக்கு வந்தது," என்றாள் அம்மா. "இலை சும்மா துணைக்கு வந்தது. அதுக்கென்ன?"

"அந்த வாரம் பார்த்து யாரும் சாகலைன்னா?"

"சாவாங்க. நம்ம பங்கு பெரிசுடி."

இந்த வருடம் அம்மாவே செத்துப்போனாள். அடுப்படியில், பாதி வெங்காயம் நறுக்கிய நிலையில். டாக்டர் இதயம் என்றார். மகள் டாக்டர் கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். மூட்டு விட்டுப்போகும்போது சத்தம் வரும் என்றுதான் அவள் படித்திருந்தாள். எந்தச் சத்தமும் வரவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அம்மா இனி இளைப்பாறுவாள் என்றார்கள். உயிரோடு இருந்தபோது அவளைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் நடந்துபோனவர்கள்கூட அவளுடைய இனிய சொல்லைப் பற்றிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார்கள். மகள் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அம்மாவைப் பற்றி அவர்கள் சொன்ன எந்தப் பாகத்தையும் அவளால் அம்மாமேல் பொருத்த முடியவில்லை. மிஞ்சியது பரணிலிருந்த அந்த வளையம்தான். இந்த ஒரு வருடம் அது கோயிலில் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை யாரிடமாவது வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

தபாலம்மாவின் இடத்தை யார் நிரப்புவது என்று பேச, திருவருகைக்காலத்துக்கு முந்தைய ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். மகளையும் அழைத்திருந்தார்கள். வளையத்தை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப்போய் நாற்காலிக்கு அடியில், கால்மேல் சாய்த்து வைத்துக்கொண்டாள். கம்பியின் குளிர் கணுக்காலில் பட்டுக்கொண்டே இருந்தது.

இடத்தை நிரப்ப முடியாது என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். அதைச் சொல்லவே அரை மணி நேரம் ஆனது. பிறகு நிரப்பத் தொடங்கினார்கள். பாடகர் குழு, இனி ஒத்திகையை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று தீர்மானம் கேட்டது. இளைஞர் குழு, நட்சத்திரம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று தகவலுக்காகச் சொன்னது. பங்குத்தந்தை இரண்டுக்கும் "பார்க்கலாம்" என்றார். அவர் எதற்கும் பார்க்கலாம் என்றுதான் சொல்வார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப் பங்கு பழகியிருந்தது.

வளையம் பற்றி எழுந்து பேசியவர் பேக்கரிக்காரர். பங்குப் பேரவைச் செயலர். கொடுக்கிற கை, கூடவே பெயரும் கொடுக்கிற கை. கோயிலில் இருக்கும் மின்விசிறிகள் அவர் உபயம். ஒவ்வொரு இறக்கையிலும் பெயரில் ஒரு பாகம் எழுதியிருக்கும். விசிறி சுற்றினால் படிக்க முடியாது என்பது மாட்டிய பிறகுதான் தெரிந்தது. அதனால் எல்லோருக்கும் முன்னால் வந்து, சுற்றாத நேரத்தில் ஒருமுறை அண்ணாந்து படித்துவிட்டு உட்காருவார்.

அம்மாவின் நினைவாக இந்த வருடம் பெரிய, புதிய மலர்வளையம் ஒன்றைப் பூக்கடையிலிருந்தே வரவழைப்பதாகவும், முழுச் செலவும் தன்னுடையது என்றும், அதில் ஒரு ரிப்பன் இருக்கும் என்றும் சொன்னார்.

"அதுல தபாலம்மா பேரா?" என்று கேட்டார் பெரிய டீச்சர்.

பெரிய டீச்சர் பெண்கள் சங்கத் தலைவி. தலைமையாசிரியையாக இருந்தவர். பங்கில் அம்மாவோடு சமமாகச் சண்டை போடத் தெரிந்த ஒரே ஆள். பீடத்து விரிப்பின் மடிப்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில் தொடங்கிய சண்டை இருபது வருடம் ஓடியது.

"அவங்க பேருதான் நம்ம எல்லார் மனசுலயும் இருக்கே டீச்சர்," என்றார் பேக்கரிக்காரர். "அதைத் துணியில வேற எழுதணுமா? உபயதாரர் பேரு மட்டும் போதும்."

கைதட்டினார்கள். இப்போது கேட்கலாம் என்று மகள் பையின் காதைப் பிடித்தாள். கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தாள். ஓய்ந்ததும் பங்குத்தந்தை பார்க்கலாம் என்று சொல்லி, முடிவுச் செபத்துக்கு எழுந்துவிட்டார்.

வாசலில் பெரிய டீச்சர் அவளை நிறுத்தினார். "பையில என்ன?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

டீச்சர் பையின் வளைவைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். "ம்," என்றார். அந்த ஒற்றை எழுத்துக்குப் பள்ளிக்கூடமே நடுங்கும் என்று சொல்வார்கள்.

அந்த வாரத்தில் ஒருநாள் மகள் ரொட்டி வாங்கப் பேக்கரிக்குப் போனாள். பேக்கரிக்காரர் கேக் பெட்டி ஒன்றுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். கை ஒழியாததால் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மறுமுனையில் பூக்கடைக்காரர்.

"ஒரு மலர்வளையம் வேணுங்க. பெரிசா."

பூக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "எப்போ எடுக்கிறாங்க?"

"ஞாயித்துக்கிழமை காலைல. ஏழு மணிப் பூசை."

"அதுவரைக்குமா வெச்சிருப்பாங்க?"

"பின்ன? முன்னாடியே வெச்சா வாடிப்போயிடாதா?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "வீட்டுக்கா, கோயிலுக்கா?"

"நேரா கோயிலுக்கே வந்துடட்டும்."

"ரிப்பன் கறுப்புதானே?"

"சேச்சே. ஊதா. இப்போ எல்லாமே ஊதாதான்."

"பேரு?"

பேக்கரிக்காரர் நூலை விட்டுவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பா பெயரில் தொடங்கித் தன் பெயர், பேரவைப் பதவி, கடைப் பெயர் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "எழுத்து பெரிசா, தங்க நிறத்துல. கடைசி பெஞ்சுக்கும் தெரியணும்."

"ரொம்பத் திடீர்னு ஆயிடுச்சுங்களா?"

"இல்லைங்க. கமிட்டியில பேசி முடிவு பண்ணினதுதான்."

"...கமிட்டியிலயா?"

"ஆமா, ஒருமனதா."

மற்ற வாசகத்தை வழக்கம்போலத் தாங்களே போட்டுக்கொள்வதாகப் பூக்கடைக்காரர் சொன்னார். உங்களுக்குத் தெரியாததா என்று இவர் சொல்லி வைத்தார்.

மகள் ரொட்டியைப் பிடித்தபடி நின்றாள். இந்தக் கேள்விகள் அவளிடமும் வந்திருக்கின்றன. எப்போது எடுக்கிறீர்கள், வீட்டுக்கா கோயிலுக்கா, பெயர் என்ன. மூன்று வாரத்துக்கு முன்பு, இதே குரல், இதே வரிசையில். விரிசல் எங்கே என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. கண்டவுடன் சொல்வதுதான் அவள் தொழில். வாயைத் திறந்தாள்.

அதற்குள் பேக்கரிக்காரர் நிறைந்த முகத்தோடு திரும்பினார். "அம்மா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க, இல்லம்மா?"

மகள் வாயை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தபோது, "ரொம்ப," என்றாள்.

தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் தெரிந்தது, அம்மா போனபின் முதல்முறையாகத் தான் சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்று. தானும் ஒன்றைப் பற்றவைத்துவிட்டோம் என்பதும் கூடவே தெரிந்தது.

சனிக்கிழமை கல்லறைக்குப் போனாள். அம்மாவுக்கு வந்த வளையங்கள் காய்ந்து, இலைகள் தொட்டால் உதிர்ந்தன. அந்த வாரம் பங்கில் வேறு யாரும் சாகவில்லை. அம்மாவின் கணக்கு முதல்முறையாகத் தப்பியிருந்தது. வீட்டுக்கு வந்து வளையத்திலிருந்த பழைய கட்டுக்கம்பியையெல்லாம் குறட்டால் வெட்டி எடுத்தாள். மறுநாள் காலையில் அதையும் குறட்டையும் வண்டியில் போட்டாள்.

கோயில் தெரு திரும்பும்போதே மணி கேட்டது. பூசை மணி இல்லை. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு விழுகிற துக்க மணி.

நடந்தது இதுதான். விடிந்ததும் பூக்கடை வண்டி வந்து, ஆள் உயரத்துக்கு ஒரு மலர்வளையத்தை மூன்றுகால் தாங்கியோடு இறக்கிவிட்டுப் போனது. வாங்கி வைத்தவர் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார். வயதானவர், காது கொஞ்சம் மந்தம். பங்கில் அவரிடம் யாரும் எதையும் சொல்வதில்லை, சொல்லிப் பயனில்லை என்பதால். ரிப்பனைப் படித்தார். இதையும் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று கொஞ்சம் வருத்தப்பட்டார், பிறகு இறந்தவருக்காகவும் வருத்தப்பட்டார். நான்கு திரிகளை எடுத்து வைக்கும்படி முதல்நாள் சொல்லியிருந்தார்கள். நிமிர்ந்து நிற்கிற வளையத்தில் திரியைச் செருகினால் படுத்துக்கொண்டுதான் எரியும். கை பழகிய பழக்கத்தில், பெட்டி வைக்கிற இடத்தின் நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக நட்டுவிட்டு, மணிக்கயிற்றைப் பிடித்தார்.

மகள் உள்ளே நுழைந்தபோது பங்கே அழுதுகொண்டிருந்தது. ஊதா ரிப்பனில், கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி, தங்க எழுத்தில் பேக்கரிக்காரரின் முழுப் பெயர். அதற்கு முன்னால் "அமரர்". அதற்குப் பின்னால் "அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி".

நேற்றுக்கூடக் கடையில் பார்த்தேனே என்றார்கள். கொடுக்கிற கை போய்விட்டது என்றார்கள். யாரிடமும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்று, கடனுக்குக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே சொன்னார்கள். நல்ல மனிதர்தான், பன் மட்டும் வர வரச் சிறிதாகிக்கொண்டே போனது என்று ஒரு குரல் சொன்னது. பக்கத்தில் இருந்தவர்கள் இப்போது அதையா பேசுவது என்று அதட்டிவிட்டு, ஆமாம் சிறிதுதான் என்றார்கள். மரியாதைக்காக யாரோ விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். எல்லா இறக்கையிலும் அவர் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

பங்குத்தந்தை ஒலிபெருக்கிக்கு வந்தார். அவருக்கும் சற்று முன்புதான் சொல்லியிருந்தார்கள். தயாராக நேரமில்லை. "அமைதியின் வடிவமாக நம்மிடையே வாழ்ந்து," என்று தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் பேக்கரிக்காரர் புதுச் சட்டையில், என்றுமில்லாமல் தாமதமாக, வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

கடைசிப் பெஞ்சில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். நடுவழியில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். தன் உபயத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்ட பேக்கரிக்காரர், இரண்டு பக்கமும் லேசாகத் தலையசைத்தபடி முன்னால் நடந்தார். அமைதியின் வடிவம் என்றது காதில் விழுந்ததும், தபாலம்மாவைத்தான் சொல்கிறார் என்று முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நிற்கிற விசிறிகளை அண்ணாந்து படித்தார். திருப்தியோடு கண்ணை இறக்கி, ரிப்பனைப் படித்தார்.

இரண்டாம் முறையும் படித்தார்.

எல்லோரும் பங்குத்தந்தையைப் பார்த்தார்கள். அவர் பேக்கரிக்காரரைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், "பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டுப் பீடத்துக்குப் பின்னால், பூசை உடை மாற்றும் சக்கிறீஸ்து அறைக்குள் போனார்.

பெரிய டீச்சர்தான் எழுந்தார். நேராக மகளிடம் வந்து நின்றார். "வண்டியிலதானே வெச்சிருக்கே? போய் எடுத்துட்டு வா."

மகள் ஓடினாள். திரும்பி வந்தபோது பேக்கரிக்காரர் முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அவர் வருவதற்குமுன் பேசியதையெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் மெதுவாகக் கேட்டார்: "பன் சின்னதாயிடுச்சுன்னு யாரும்மா சொன்னது?"

"பிடிங்கண்ணே," என்று வளையத்தை அவர் கையில் கொடுத்தாள்.

மூன்று பேருமாகப் பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். பூக்கடை வளையத்திலிருந்து ஊசியிலைக் கொத்துகளைக் குறட்டால் வெட்டி உருவி, இரும்பு வளையத்தில் வைத்துக் கட்டினாள். பேக்கரிக்காரர் பிடித்துக்கொண்டார். நூல் கட்டிப் பழகிய கை. முடிச்சு நன்றாக விழுந்தது. இதற்குள் மாடியில் பாடகர் குழுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துக்கப் பாட்டு இனிப் பாட முடியாது, திருவருகைக்காலப் பாட்டு எதையும் பழகவில்லை. தெரிந்ததைத் தொடங்கினார்கள். தாலாட்டு.

பங்கு முழுவதும் தோளைக் குறுக்கிக்கொண்டு ஒரு குத்துக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை.

"பிள்ளை இன்னும் பொறக்கல," என்று மகள் தலை நிமிராமலே சொன்னாள். உரக்கச் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. ஆர்மோனியம் பாதிக் கட்டையில் நின்றது.

பேக்கரிக்காரர் குனிந்து கிசுகிசுத்தார். "ஏம்மா, சாவுக்குன்னு வந்த இலை. இதைப் பீடத்துக்கிட்ட வெக்கலாமா?"

"இருபது வருஷமா அதைத்தான் வெச்சிருந்தாங்க."

அவர் டீச்சரைப் பார்த்தார், அதிர்ச்சியில் கூட்டுச் சேர. டீச்சர் அதிரவில்லை.

"தெரியும். எங்க வீட்டுக்காரர் தவறின வருஷம், அவருக்கு நான் வெச்ச வளையத்து இலையை இதுல அடையாளம் கண்டுபிடிச்சிட்டேன். எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கணும்னுதான் கிட்ட போனேன்." டீச்சர் ஒரு கொத்தை நேராக்கினார். "வாயைத் திறக்க விடலையே. தீப்பெட்டியைக் கையில திணிச்சு, 'முதல் திரியை நீதான் ஏத்தணும்'னா. அதுக்கு அப்புறம் கவனிச்சேன். ஒவ்வொரு வருஷமும் யார் வீட்டு இலையோ அவங்களைத்தான் கூப்பிட்டா. ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா அவ தபாலம்மா இல்லையே."

மகளின் கை குறட்டில் நின்றது. இது அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடம் அம்மா திரியேற்ற விரல் நீட்டி ஆளைக் கூப்பிடுவதைப் பார்த்து, அதிகாரம் செய்கிறாள் என்றுதான் நினைத்திருந்தாள். கட்டுக்கம்பியின் முனையை முறுக்கி, இலைக்குள் மறைத்தாள். முறுக்கியதையே மறுபடி முறுக்கினாள்.

சிறிய மேசைமேல் வளையத்தைப் படுக்கையாக வைத்து, நான்கு குழாய்களிலும் திரிகளை நட்டார்கள். முழு உயர மலர்வளையம் மொட்டையாகச் சக்கிறீஸ்து அறைக்குப் போனது. ரிப்பனை மட்டும் பேக்கரிக்காரர் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நல்ல எழுத்து, வீணாக்குவானேன் என்றார்.

"திருப்பி வை," என்றார் டீச்சர்.

மகள் பார்த்தாள். இலை விலகி, கட்டிதட்டிய அந்த மூட்டு மக்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எம் பொண்ணு பத்தவெச்சதுன்னு ஊர் பூரா சொல்லுவா. பத்தவெச்ச இடத்தை மட்டும் ஒருத்தருக்கும் காட்டமாட்டா. எப்பவும் ஆண்டவர் இருக்கிற நற்கருணைப் பேழைப் பக்கம்தான் இருக்கும். பார்க்கிறவர் பார்த்துக்கட்டும்னு."

வேலையிடமாக இருந்தால் இந்த மூட்டுக்கு அவள் யோசிக்காமல் பெருக்கல் குறி போட்டிருப்பாள். இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். நின்றது.

பங்குத்தந்தை ஊதா உடையில் வெளியே வந்து, முதல் திரியை ஏற்ற உபயதாரரை அழைத்தார். பேக்கரிக்காரர் எழுந்து தீப்பெட்டியை வாங்கினார். வாங்கிய கையோடு அதை மகளிடம் நீட்டினார்.

"நீ ஏத்தும்மா. நான் செத்தவன்."

பெஞ்சுகளில் சிரிப்பு ஓடியது. மகள் குச்சியை உரசினாள். அணைந்தது. அடுத்ததை உரசினாள். திரியின் நுனியைச் சுடரால் பிடிக்க முடியவில்லை. கொதிகலனுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு விளக்குப் பிடிக்கிற கை. கண்ணில் எல்லாத் திரியும் ஒன்றாகக் கலங்கியது, எது ஊதா எது ரோஜா என்று தெரியவில்லை. மூன்றாவது குச்சியை எடுத்தாள்.

முதுகுக்குப் பின்னால் பெரிய டீச்சரின் குரல் தாழ்ந்து வந்தது.

"சுருக்கமா ஏத்து. பின்னாடி ஆளு நிக்குது."

மகள் சிரித்துவிட்டாள். கண்ணிலிருந்தது வழிந்து இறங்கியது. திரி பற்றியது.